ஒன்பது நாள் ஷிப்டு மாறிய ராஜ்ஜியம்

நான் பொருளாதாரத்தில் முதல் வகுப்பில் தேறியவள். இதை நான் சொன்னால் எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து சமையலறைக்குப் போய்விடுகிறார். உள்ளேயிருந்து தண்ணீர் ஊற்றுகிற சத்தம் வருவதில்லை. வேறு ஒரு சத்தம்தான் வருகிறது.

சிரிக்கட்டும். ஒரு முழு ராஜ்ஜியத்தின் பொருளாதாரத்தைப் பத்தே நாளில் படுக்க வைத்தவள் இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

என் குணத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நான் ஒரு முடிவெடுத்தால், அடுத்த நிமிடமே அதற்கு நேர் எதிரான முடிவுதான் சரி என்று எனக்குத் தோன்றும். மழை நாளில் பாப்பாவுக்கு ஸ்வெட்டர் போடுவேன். வேர்க்குமே என்று கழற்றுவேன். சளி பிடிக்குமே என்று மறுபடி போடுவேன். பாப்பாவுக்கு அப்போது மூன்று வயது. இரண்டாம் தடவை போட்ட பிறகும் தூக்கிய கைகளைக் கீழே இறக்காமல் அப்படியே நிற்பாள். (எப்படியும் இன்னொரு தடவை கழற்றுவேன் என்று அவளுக்குத் தெரியும். எதற்கு வீணாகக் கையை இறக்கி ஏற்றுவது.)

என் கணவர் செல்வம் இதற்கு நேர் எதிர். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பம்புகளுக்கு உதிரிபாகம் வார்க்கிற ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருக்கிறார். எந்திரம் எது நின்றாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு நட்டை முடுக்கினால் முடுக்கியதுதான், திரும்பிப் பார்க்க மாட்டார். என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட ஒரு தடவைதான் பார்த்தார். நான்தான் கதவிடுக்கு வழியாக ஏழு தடவை பார்த்தேன்.

அந்தத் தொழிற்சாலையில் ஆயுத பூசை என்றால் திருவிழா மாதிரி. குடும்பத்தையெல்லாம் உள்ளே விடுவார்கள். கம்ப்ரசருக்கு வாழைக்கன்று கட்டி, லேத் மெஷினுக்குச் சந்தனம் பூசி, கடைசியில் கேட்டுக்கு வெளியே பூசணிக்காய் உடைப்பார்கள். அந்தப் பூசணிக்காயை யார் உடைப்பது என்பதில்தான் வருஷா வருஷம் வம்பு. நான்கு வருடமாக ஸ்டோர்ஸ் இன்சார்ஜ் தேவராஜ் அண்ணன்தான் உடைத்துக்கொண்டிருந்தார். மெஷினை ஓட வைப்பது நாங்கள், பூசணிக்காய் உடைப்பது மட்டும் ஸ்டோர்ஸா என்று மெயின்டனன்ஸ்காரர்கள் முறுக்கிக்கொண்டார்கள். கை கலப்பு ஆகிற நிலைமை. அப்போதுதான் யாரோ ஒரு புண்ணியவான், எல்லாரும் செல்போனில் ஆடுகிறீர்களே ஒரு ராஜ்ஜிய ஆட்டம், அதில் போட்டி வையுங்கள், ஜெயிக்கிற பிரிவு உடைக்கட்டும் என்று வழி சொன்னார். பிரிவுக்கு ஓர் ஆள். மெயின்டனன்ஸ் சார்பில் என் கணவர்.

ஆட்டம் இதுதான். ஆளுக்கு ஒரு ராஜ்ஜியம். சண்டை கிடையாது. ஒரு நாளைக்கு ஒரு முறைதான் நகர்த்தலாம். கஜானாவில் இருப்பதைப் பத்துப் பங்காக வைத்து, எத்தனை பங்கு ஆராய்ச்சிக்கு, எத்தனை பங்கு பொருளாதாரத்துக்கு என்று பிரித்துக் கொடுத்துவிட்டு 'சரி'யை அமுக்க வேண்டும். ஆராய்ச்சிக்குக் கொடுத்தால் சக்கரம், இரும்பு, பாலம் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடிப்பார்கள். பொருளாதாரத்துக்குக் கொடுத்தால் வயல், சந்தை, துறைமுகம் என்று வளர்ந்து கஜானா நிரம்பும். ஒன்றையே கவனித்தால் இன்னொன்று படுத்துவிடும். பத்து நாள் முடிவில் யாருடைய ராஜ்ஜியம் பெரியதோ அவர் ஜெயித்தார். யார் எந்த நிலையில் இருக்கிறார் என்பது கடைசி நாள் வரை யாருக்கும் தெரியாது.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதே பத்து நாளில் தொழிற்சாலையை நிறுத்தி வருடாந்தரப் பராமரிப்பு செய்ய நாள் குறித்துவிட்டார்கள். இவர் விடிந்ததும் போனால் இரவுச் சாப்பாட்டுக்குத்தான் வருவார். ஆலைக்குள்ளே செல்போன் கூடாது. செக்யூரிட்டி ரூமில் ஆளுக்கு ஒரு மரப்பெட்டி உண்டு, அதில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஸ்டோர்ஸுக்கு மட்டும் விலக்கு. (எளாவூர் செக்போஸ்ட்டில் நிற்கிற லாரிக்காரரோடு பேச வேண்டுமாம்.) ஆட்டத்தையோ காலை ஒன்பதுக்கு மேல், மாலை ஆறு மணிக்குள் ஆட வேண்டும், இல்லையென்றால் அன்றைய முறை போச்சு.

அதனால் ஆட்டத்தை என் செல்போனில் ஏற்றிக் கொடுத்தார்.

"ஆராய்ச்சிக்கு நாலு, பொருளாதாரத்துக்கு ஆறு. பத்து நாளும் அதே. ஒருவாட்டி 'சரி'ய அமுக்கு, அவ்ளோதான். வேற எதுலயும் கைய வெக்காத."

நாள்காட்டித் தாளின் பின்பக்கம் '6 – 4' என்று எழுதி ஃப்ரிட்ஜிலும் ஒட்டினார். இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் சொல்ல முடியாது. நானும் தலையாட்டினேன். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள் என்று என் பள்ளிக்கூடத்தில் நன்னடத்தைச் சான்றிதழே கொடுத்திருக்கிறார்கள்.

முதல் நாள் ஆறு, நாலு. சரி.

அன்றே மாலை இவருடைய அம்மா, என் அத்தை, பள்ளிப்பட்டிலிருந்து போன் செய்தார். அத்தை தன் மகனை 'நைனா' என்றுதான் சொல்வார். தமிழ்நாட்டுக்குள் காலும் ஆந்திராவுக்குள் நாக்குமாக வளர்ந்தவர்.

"நைனாவுக்கு வெள்ள சட்ட எடுத்துக்கினு வரேன். பூசணிக்கா உடைக்கிறப்ப வெள்ள சட்ட போட்டாத்தான் எடுப்பா இருக்கும். பால் சொசைட்டில, ரேஷன் கடைல எல்லார்ட்டயும் சொல்ட்டேன்."

"ஜெயிச்சாத்தான் அத்தை உடைக்க விடுவாங்க."

"அதெல்லாம் ஜெயிச்சுடுவான். அவன் இன்னிக்கு நேத்தா கஷ்டப்படறான்."

அத்தையும் மாமாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு இவரை ஐ.டி.ஐ. படிக்க வைத்தவர்கள். மகன் வேலை செய்கிற இடத்தை அத்தை அதுவரை பார்த்ததே இல்லை. முதல் முறையாக வரப் போகிறார், அவர் கண்ணெதிரே மகன் அத்தனை பேர் நடுவில் பூசணிக்காயைத் தூக்கி நிற்க வேண்டும். அந்தப் பூசணிக்காய் இப்போது என் கட்டைவிரலில் இருக்கிறது.

இரண்டாம் நாள் காலை ஆட்டத்தைத் திறந்தேன். நேற்று பதற்றத்தில் கவனிக்காத ஒன்றை அன்று கவனித்தேன். பங்கு பிரிக்கிற கோட்டின் ஒரு முனையில் ஒரு தாடிக்காரர் ஓலைச்சுவடியோடு உட்கார்ந்திருந்தார். அவர்தான் ஆராய்ச்சி. மறு முனையில் ஒரு காளை. அதுதான் பொருளாதாரம். கோட்டை ஒரு பக்கம் இழுத்தால் தாடிக்காரர் சிரிக்கிறார், காளை வாடுகிறது. இன்னொரு பக்கம் இழுத்தால் காளை துள்ளுகிறது, தாடிக்காரருக்கு முகம் தொங்கிப் போகிறது. நாலு பங்கில் அவருக்கு மூன்று வேளை சாப்பிடாத முகம்.

(இந்த ஆட்டத்தைச் செய்தவர்களுக்குச் சின்னக் குழந்தை வைத்திருக்கிற தாயைப் பற்றி ஏதும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். அல்லது நன்றாகத் தெரியும்.)

அந்த நேரம் பார்த்து பாப்பா போகிற விளையாட்டுப் பள்ளியின் தாய்மார்கள் குழுவில் ஒரு வீடியோ வந்தது. பாப்பா வயதே ஆன ஒரு குழந்தை கிரகங்களின் பெயரை வரிசையாகச் சொல்கிறது. எங்கள் பாப்பாவுக்கு அப்போது தெரிந்த ஒரே கிரகம் நிலா. அதுவும் கிரகம் இல்லை. படிப்பு விஷயத்தில் அசட்டையாக இருந்துவிட்டோமோ என்று எனக்குப் பகீரென்றது. பாப்பாவை உடனே ஒன்றும் செய்ய முடியாது. தாடிக்காரரைச் செய்ய முடியும். எட்டுப் பங்கு கொடுத்தேன். அவர் முகம் மலர்ந்தது. 'சரி'யை அமுக்கினேன்.

உடனே சிவப்பு நிறத்தில் ஒரு பெட்டி, இங்கிலீஷில் பொடிப் பொடி எழுத்தோடு குதித்தது. பாப்பாவுக்குப் பாட்டு போட்டுக் காட்டும்போது இப்படி நாளைக்கு நாற்பது பெட்டி வரும். மாவு பாக்கெட் வாங்கு, கடன் வாங்கு, சீட்டாட வா. அதை மூடுவதற்கு என் கட்டைவிரலுக்கு என் அனுமதி தேவையில்லை. மூடிவிட்டது.

பெட்டி போனதும் ராஜ்ஜியம் தெரிந்தது. கோட்டை வாசலில் கூட்டமாக ஜனங்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

இங்கே ஒன்றை நியாயமாக யோசித்துப் பாருங்கள். கும்மிடிப்பூண்டியில் இருக்கிறவர்கள் ஒரு பெரிய கேட்டுக்கு முன்னால் கூட்டத்தைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? தினமும் மூன்று வேளை எங்கள் தெருக்கோடியிலேயே பார்க்கிற காட்சி அது. ஷிப்டு மாறுகிறது. நானும் அப்படித்தான் நினைத்தேன். என் ராஜ்ஜியத்தில் மூன்று ஷிப்டு ஓடுகிறது என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்றாம் நாள் அப்பா பேசினார். கடம்பத்தூர் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நஞ்சை உண்டு. மழை வருமா வராதா, நாற்று விடுவதா வேண்டாமா என்று பத்து நிமிடம் புலம்பினார். (என் குணம் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.) போனை வைத்துவிட்டு ஆட்டத்தைத் திறந்தால், காளை இரண்டே பங்கில் எலும்பும் தோலுமாக நிற்கிறது. விவசாயி மகள் நான், காளையைப் பட்டினி போட்டுவிட்டு ஒரு தாடிக்காரருக்கு வாரிக் கொடுத்திருக்கிறேன். ஒன்பது பங்கை அப்படியே காளைக்குத் திருப்பினேன். சிவப்புப் பெட்டி. கட்டைவிரல். கோட்டை வாசலில் நேற்றைவிடப் பெரிய கூட்டம். சிலர் கையில் கொடி இருந்தது.

அன்று இரவு இவர் சாப்பிட உட்கார்ந்தபோது செல்போனைக் காட்டினேன்.

"இன்னாங்க, கேட்டாண்ட இவ்ளோ பேரு நிக்கிறாங்க?"

இவர் சோற்றைப் பிசைந்தபடி பாதிக் கண்ணால் பார்த்தார். "ஷிப்டு மாறுதும்மா. ஒரு ஷிப்டு வெளிய வரான், ஒரு ஷிப்டு உள்ள போறான்."

"கொடி வெச்சிருக்காங்களே?"

"சேஃப்டி வாரமா இருக்கும். நீ ஆறு, நாலுதான போட்ட?"

நான் அந்தச் சமயம் ரசம் எடுக்க உள்ளே போயிருந்தேன். (போயிருந்தேன் என்றால், கேள்வி காதில் விழுந்த பிறகு போனேன்.) இவரைக் குறை சொல்ல முடியாது. ஒரே பங்கை மாற்றாமல் ஆடுகிறவர் இவர். அந்தக் கூட்டத்தை இவர் தன் ஆட்டத்தில் ஒரு நாளும் பார்த்ததில்லை. அதனால் அது என்னவென்று இவருக்கும் தெரியவில்லை.

நான்காம் நாள் ஒரு விஷயம் என்னை மிகவும் சந்தோஷப்படுத்தியது. கஜானாவில் இருந்த தங்கம் முதல் நாள் முடிவில் எவ்வளவு இருந்ததோ அவ்வளவே இருந்தது. ஒரு காசு செலவாகவில்லை. இல்லத்தரசி கையில் கொடுத்தால் ராஜ்ஜியம் எவ்வளவு சிக்கனமாக நடக்கிறது பாருங்கள் என்று நினைத்துக்கொண்டேன். வரவும் ஒரு காசு இல்லை என்பது எனக்குத் தோன்றவில்லை. முதல் வகுப்பு என்று சொன்னேன் அல்லவா.

ஆனால் சக்கரம் பாதியில் நின்றது. முதல் நாள் பாதி வரை கண்டுபிடித்தார்கள், அதற்கு மேல் நகரவே இல்லை. ஆராய்ச்சி மந்தமாக இருக்கிறது என்று மறுபடி தாடிக்காரருக்கு ஏழு. ஐந்தாம் நாள் காளையின் கண்ணில் ஈ மொய்த்தது, காளைக்கு எட்டு. ஆறாம் நாள் பாதி பாதி கொடுத்துப் பார்த்தேன், இருவருக்குமே சுமாரான முகம். இரண்டு பிள்ளைகளுக்கும் திருப்தி இல்லாத வீடு மாதிரி இருந்தது. ஏழாம் நாள் மாற்றினேன். எட்டாம் நாள் காலையில், போதும், இவர் சொன்ன ஆறு, நாலுக்கே திரும்பிவிடுவோம் என்று கண்ணை மூடிக்கொண்டு திரும்பிவிட்டேன். ஒன்பதாம் நாளும் அப்படியே விட்டிருந்தால் தப்பித்திருப்பேன் என்பது பின்னால்தான் தெரிந்தது. ஆனால் ஒன்பதாம் நாள் தாடிக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

இதற்குள் கோட்டை வாசலில் பந்தலே போட்டுவிட்டார்கள். பந்தலுக்குக் கீழே ஜனங்கள் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஊரிலும் ஆயுத பூசை வருகிறது போல என்று பாப்பாவுக்குக் காட்டினேன். அவள் கை தட்டினாள். பத்தாம் நாளும் மாற்றி, பெட்டியை மூடி, ராஜ்ஜியத்தைக் கடவுளிடம் ஒப்படைத்தேன்.

ஆயுத பூசையன்று அத்தை காலையிலேயே இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்தார். கொண்டுவந்த வெள்ளைச் சட்டையில் கடை மடிப்பு கலையவில்லை. இவர் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று, கைகளைத் தலைக்கு மேல் தூக்கி, இல்லாத பூசணிக்காயை இரண்டு தடவை சுற்றிப் பார்த்தார். சட்டை அக்குளில் பிடிக்கவில்லை என்று திருப்தியானார். நான் அந்த அறையை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

தொழிற்சாலை கேன்டீனில் எல்லாரும் கூடியிருந்தார்கள். இருநூறு பேருக்குக் குறையாது. சுவரிலிருந்த பெரிய டி.வி.யில் ஒவ்வொருவருடைய பத்து நாள் ஆட்டத்தையும் ஒரு நிமிடப் படமாக ஓட்டிக் காட்டினார்கள். முதலில் தேவராஜ் அண்ணனுடையது. பத்து நாளும் அஞ்சு, அஞ்சு. வயல், சந்தை, பாலம், துறைமுகம், துறைமுகத்தில் கப்பல். ஜனங்கள் கைதட்டினார்கள். அடுத்து இரண்டு பிரிவுகளின் ராஜ்ஜியங்கள். அவற்றிலும் குறைந்தபட்சம் ஒரு சந்தையாவது இருந்தது.

பிறகு மெயின்டனன்ஸ்.

முதல் நாள் காளை உழுதது. இரண்டாம் நாள் கோட்டை வாசலில் கூட்டம். மூன்றாம் நாள் கூட்டம், கொடி. நான்காம் நாள் கூட்டம், கொடி. சிவப்புப் பெட்டி அந்தப் பெரிய டி.வி.யில் ஒரு கதவு அளவுக்கு வந்தது. அதில் என்ன எழுதியிருந்தது என்று இருநூறு பேரோடு சேர்ந்து நானும் முதல் முறையாகப் படித்தேன். பங்கைத் திடீரென்று மாற்றியதால் ஜனங்கள் குழம்பிப்போய் வேலைநிறுத்தத்தில் இறங்கியிருக்கிறார்கள், அடுத்த நாள் மாற்றாமல் விட்டால் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள் என்று இருந்தது. இதை அந்தப் பெட்டி ஒன்பது தடவை சொன்னது. கடைசியில் பந்தல் வந்தது.

மேலாளர் நிஜ வேலைநிறுத்தம் ஒன்றைப் பார்த்த மனிதர். அவர் கை தன்னையறியாமல் சட்டைப்பையிலிருந்த செல்போனைத் தேடியது. பின்வரிசையிலிருந்து யூனியன் செயலாளரின் குரல் மட்டும் வந்தது.

"ஒம்போது நாளு. ஒருத்தன்கூட உள்ள போகல. இந்த ஒத்துமை நம்ம கைல இருந்திருந்தா இந்நேரம் போனஸு எங்கியோ போயிருக்கும்."

கேன்டீன் வெடித்துவிட்டது. சிரிப்பு அடங்கியதும் தேவராஜ் அண்ணன் என் கணவரை ஒரு மாதிரி பார்த்தார்.

"செல்வம், இத நீயாடா ஆடின? ஒரு நட்டு முடுக்கினா திரும்பிப் பாக்காத ஆளாச்சே நீ."

இவர் மேலே சுழல்கிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நான்தான்ணே. பேஜாராப் போச்சு. மாத்தி மாத்திப் போட்டுக்கினே இருந்தேன்."

என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால்கூடப் பரவாயில்லை. அத்தை என் முழங்கையைத் தொட்டு, நைனா ஏன் ஓரமாகப் போய் நிற்கிறான் என்று கேட்டார். அவருக்கு என்ன நடந்தது என்று இன்னும் பிடிபடவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு, பூசணிக்காய் நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து முன்வரிசையில் நிற்கலாம் என்றார். வீடியோ எடுக்கிற பொறுப்பு என்னுடையது.

கேட்டுக்கு வெளியே வந்தோம். மேசை மேல் பொரி மூட்டை, பக்கத்தில் தரையில் ஆவி பறக்கிற சுண்டல் அண்டா. இருநூறு பேருக்கான சுண்டல். குழந்தைகளெல்லாம் அதைச் சுற்றியே நின்றன. ஆட்டத்தில் ஜெயித்த தேவராஜ் அண்ணன் பூசணிக்காயைக் கையில் எடுத்தார். குங்குமம் அடைத்து, மேலே கற்பூரம் ஏற்றினார்கள். இவர் வெள்ளைச் சட்டையோடு ஓரத்தில் எலுமிச்சம்பழத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன். சொன்னால், பெண்டாட்டியிடம் கொடுத்துத் தோற்றான் என்று இவரைக் கேலி செய்வார்களே, வேண்டாம் என்று முடிவெடுத்தேன். சொல்லாவிட்டால் காலம் முழுக்க இவர்தான் ஒன்பது நாள் வேலைநிறுத்தக்காரர், சொல்லத்தான் வேண்டும். பூசை நேரத்திலா, வேண்டாம். தேவராஜ் அண்ணன் பூசணிக்காயை வலமாக மூன்று சுற்று, இடமாக மூன்று சுற்று சுற்றித் தலைக்கு மேல் தூக்கினார். கூட்டம் மூச்சைப் பிடித்தது. சரியாக அந்த நொடியில்தான் என் மனம் சொல்லிவிடுகிற பக்கம் வந்து நின்றது.

"நான்தான்! அவரு இல்ல, நான்தான் மாத்தினேன்!"

என் தொண்டையில் அவ்வளவு சத்தம் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. (பிரசவத்தின்போதுகூடப் பக்கத்துக் கட்டிலுக்குத் தொந்தரவாக இருக்குமே என்று அடக்கி வாசித்தவள்.) தேவராஜ் அண்ணன் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினார். கைகள் முன்னால் வந்தன. பூசணிக்காய் பின்னால் போனது. போய், குழந்தைகள் சிதறி ஓடிய இடைவெளியில், சுண்டல் அண்டாவுக்குள் பொத்தென்று உட்கார்ந்தது.

உடையவில்லை. கற்பூரம்கூட அணையவில்லை. சுண்டலுக்கு நடுவில் அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. குங்குமம் மட்டும் கொட்டி, சுண்டல் மெதுவாகச் சிவந்துகொண்டே வந்தது.

தேவராஜ் அண்ணன் வெறும் கைகளைத் தூக்கியபடியே நின்றார். இன்னும் பத்து நிமிடத்தில் ராகு காலம், சீக்கிரம் ஏதாவது செய்யுங்கள் என்று குருக்கள் கையைப் பிசைந்தார். சுற்றிப் போட்ட பூசணிக்காய் உடையாமல் இருக்கக் கூடாதாம். சுண்டலோ கொதிக்கிறது. எல்லாரும் மேலாளரைப் பார்த்தார்கள். அவர் கொஞ்ச நேரம் அண்டாவைப் பார்த்தார்.

"பிரேக்டவுன் ஆனா யார கூப்புடுவீங்க? செல்வத்த கூப்புடுங்க."

இவர் எலுமிச்சம்பழத் தட்டைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு வந்தார். அண்டாவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். குனிந்து அடியைப் பார்த்தார். பிறகு, பதினோரு வருட வழக்கம் வாயிலிருந்து தானாக வந்தது.

"எப்ப நின்னுச்சு?"

"இப்பதான்" என்றார் தேவராஜ் அண்ணன், கையை இறக்காமலே.

இவர் கடை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையின் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு, இரண்டு கரண்டியைக் கேட்டு வாங்கிப் பூசணிக்காயை இரண்டு பக்கமும் நெம்பி, மேலே வந்ததும் கையால் தூக்கிவிட்டார். மார்பு முழுக்க மஞ்சளும் சிவப்புமாகச் சுண்டல். அதை முறைப்படி தேவராஜ் அண்ணனிடம் நீட்டினார். குருக்கள் பதறிக்கொண்டு குறுக்கே வந்தார். தூக்கினவரே உடைக்கட்டும், இனிமேல் கை மாற்றிக்கொண்டிருக்க நேரமில்லை என்றார்.

இவர் தேவராஜ் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் அப்போதுதான் கைகளை இறக்கிப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"உடைடா. இதுக்கு மேல அத தொட எனக்கு தில்லு இல்ல."

ஒரே போடு. நாலு துண்டு. கூட்டம் கைதட்டிய சத்தத்தில் எனக்குக் காது அடைத்தது. கண்ணும் ஏனோ மறைத்தது. அத்தை அப்படியே கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் காதோரமாகக் குனிந்தார்.

"நல்லா செஞ்சான். ஆனா சுண்டல்ல போட்டு எடுக்கறது இங்க வழக்கமாம்மா? எங்க பக்கம் இல்ல."

ஆமாம் அத்தை, பெரிய கம்பெனியில் அப்படித்தான் என்றேன். அத்தை பள்ளிப்பட்டில் இன்றைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று கேள்வி. நான் எடுத்த வீடியோவில் முதல் பாதி முழுக்க என் கத்தலும் வானமும்தான் இருந்தன. அத்தை அதை வெட்டிவிட்டு, மகன் உடைக்கிற கடைசிப் பகுதியை மட்டும் செல்போன் கடையில் கொடுத்துப் பிரித்து வாங்கிக்கொண்டார்.

சுண்டலுக்காக அன்று அழுத குழந்தைகளின் எண்ணிக்கையை நான் எழுதப் போவதில்லை. பொரி மட்டும் கிடைத்தது. வரிசையில் வந்து வாங்கிய ஒவ்வொரு தாயும் என்னை ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் போனார். அத்தையையும் பாப்பாவையும் ஆட்டோவில் ஏற்றிவிட்டு, நாங்கள் வண்டியில் ரயில்வே கேட்டுக்கு வந்தோம். கேட் மூடியிருந்தது. வண்டியை அணைத்துவிட்டு முன்பக்கம் பார்த்தபடியே சொன்னார்.

"ஒரே ஒரு நாள் சும்மா உட்டிருந்தா போதும், அத்தனை பேரும் வேலைக்கு வந்திருப்பான்."

"தெரியும்."

"சுண்டல் நல்லா வெந்திருந்துச்சு" என்றார். தோள்கள் குலுங்கின. ரயில் போகிற வரை இரண்டு பேரும் சிரித்தோம்.

ஆட்டத்தை வைத்துப் பூசணிக்காயைத் தீர்மானிக்கிற வழக்கம் அந்த வருடத்தோடு முடிந்தது. அடுத்த வருடம் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள், தேவராஜ் அண்ணன் பெயரே வந்தது. சுண்டல் அண்டாவை நூறடி தள்ளி, மேலே தட்டு போட்டு மூடி வைத்திருந்தார்கள். அண்ணன் பூசணிக்காயைச் சுற்றினார், தலைக்கு மேல் தூக்கினார், அப்படியே நிறுத்தினார். கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தார்.

"தங்கச்சி, எதனா சொல்லணும்னா இப்பவே சொல்லிடும்மா."

இருநூறு தலைகள் திரும்பின. நான் இல்லை என்று தலையாட்டினேன். ஆட்டிய பிறகு, ஒருவேளை ஏதாவது இருக்கிறதோ என்று ஒரு நிமிடம் யோசித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அந்த வாசகம் எங்களோடு வண்டியேறி வீட்டுக்கு வந்துவிட்டது. அத்தை வந்திருந்தால், தேங்காய் உடைக்கக் கையை ஓங்கியதும் என் முகத்தைப் பார்த்து அதைக் கேட்கிறார். இவர் ஏணியில் ஏறி மின்விசிறியைக் கழற்றும்போது மேலேயிருந்து கேட்கிறார். போன வாரம் பாப்பா தளும்பத் தளும்பப் பால் நிரம்பிய தம்ளரை எடுத்துக்கொண்டு கூடத்தில் அடி மேல் அடி வைத்து வந்துகொண்டிருந்தாள். நான் எதிரே வந்ததும் அப்படியே நின்றாள்.

"அம்மா, எதனா சொல்லணுமா?"

இரண்டு கையாலும் பிடி என்று ஒன்று இருந்தது. மெதுவாகப் போ என்று ஒன்று. பாதியைக் கொட்டிவிட்டு எடுத்துப் போயேன் என்று ஒன்று. மூன்றையும் விழுங்கிவிட்டு, ஒன்றும் இல்லை என்றேன்.

அவள் என்னை நம்பவில்லை. தம்ளரை ஒரு சொட்டுச் சிந்தாமல் தரையில் வைத்தாள். இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள்.

"இப்ப சொல்லு" என்றாள்.